நாலு இடத்தில் மன்னிக்கவும்

செப்டம்பர் 18, புதன்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. டெஸ் இரண்டு முறை எழுந்து, அம்மா தண்ணீர் என்றாள். மூன்றாவது முறை, தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதற்காக எழுந்தாள். மூன்று வயதுக்கு இது ரொம்ப அதிகம்.

என் பெண்டாட்டி நோட்டுப் புத்தகத்திடம் போய் மன்னிப்புக் கேட்கிறாளே என்று லியோ சிரிப்பான். வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் மூன்று வாரம், வீட்டில் மூன்று வாரம் என்று அவன் பிழைப்பு ஓடுகிறது. போனில் கேட்டால் வீட்டுக் கதை பாதிதான் காதில் விழுகிறதாம். "எழுதி வை, ஷானா. வந்து படிச்சுக்கறேன்" என்றான். படித்துவிட்டு அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதுவான். போன தடவை டெஸ்ஸின் காதுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவன் எழுதிய வரி: "வெண்ணெய் எங்கே வைத்தாய்?"

நாளை நேர்காணல். ஒஹாயோவில் ஒரு மருத்துவக் கல்லூரி. நம் ஊர்க் கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் இரண்டு வருடம் காத்திருந்து பார்த்தாயிற்று. நம்மைப் போன்ற கனடாக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் அமெரிக்கக் கல்லூரிகளாகப் பொறுக்கி எடுத்து, பதினொன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். ஒன்பது பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மறுத்துவிட்டார். இவர்கள் மட்டும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், கணினித் திரையில்.

அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குப் பத்தரை. விண்ணப்பப் படிவத்தில் ஊர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உலகத்து நேரமெல்லாம் இருந்தது, நம் தீவின் நேரம், நியூஃபவுண்ட்லாந்து நேரம், மட்டும் இல்லை. "மற்றவை" என்பதை அழுத்தி, ஒன்றரை மணி நேரம் முன்னால் என்று எழுதினேன். "ஒன்றா, இரண்டா?" என்று பதில் வந்தது. ஒன்றரைதான், மன்னிக்கவும் என்றேன். ஏதோ நான்தான் பூமியை அப்படிச் சுழற்றிவிட்டது போல.

தூங்க வேண்டும். தூக்கம் வருமா? பார்ப்போம்.

செப்டம்பர் 19, வியாழன்

முடிந்தது.

லியோ டெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டான். நான் மேலே வெள்ளைச் சட்டை, கீழே வீட்டுக் கால்சட்டை. இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் வயதான அறுவை சிகிச்சை மருத்துவர், பெயர் டாக்டர் வோல்ஃப்ராம். இன்னொருவர் அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். அவள் பெரும்பாலும் தலையாட்டினாள். நல்ல தலையாட்டல்.

ஒரு கூத்து நடந்தது. டாக்டர் வோல்ஃப்ராம் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்டார். "ரெண்டு தடவை எழுதினேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களா எழுதினீங்க? அந்தக் கேள்வித்தாளையா?"

"ஆமாம்... இல்ல, பதில்தான் எழுதினேன். எல்லாரும் எழுதற மாதிரி."

அமெரிக்காவில் தேர்வை 'எடுப்பார்களாம்'. எழுதுவது கேள்வி தயாரிக்கிறவர் வேலையாம். மன்னிக்கவும் என்றேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் எதற்காக டாக்டர் ஆக வேண்டும் என்று கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. நடப்பதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், ரத்தத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வேன், அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டிய டாக்டர் எங்கள் ஊரில் இந்த வருடம் மட்டும் மூன்று பேர் மாறிவிட்டார்கள், பெட்டியைப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுகிறார்கள் என்றேன். நான் அந்த ஊர்க்காரி, கிளம்ப மாட்டேன் என்றேன்.

"ஆனா இப்ப கிளம்பறதுக்குத்தானே என்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"திரும்பி வர்றதுக்குத்தான் சார் கிளம்பறேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அந்தப் பேனாவைப் பார்த்தால் தெரியவில்லை.

கடைசியில் அலுவலகத்திலிருந்து திருமதி ஹக்கின்ஸ் என்ற அம்மாள் திரையில் வந்தாள். "நன்றித் திருநாளுக்குள்ள முடிவு சொல்லிடுவோம்மா. அதுவரைக்கும் கவலைப்படாதீங்க." கவலைப்படாதே என்று என்னிடமா சொல்கிறாள்.

நன்றித் திருநாள் அக்டோபர் 14. இருபத்தைந்து நாள்தான்.

செப்டம்பர் 25, புதன்

லியோ கிளம்பிவிட்டான். இந்த முறை நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு இருக்க மாட்டான். மேடையில் அவர்களுக்கும் வான்கோழி உண்டாம், ரப்பர் மாதிரி இருக்குமாம்.

அக்டோபர் 3, வியாழன்

ஆய்வகத் தலைவர் ஹைன்ஸ் கூப்பிட்டார். அவருடைய உதவியாளர் இடம் காலியாகிறது. பகல் வேலை, நிரந்தரம், இனி வாரக்கடைசி இழுபறி இல்லை. "உன்னைத்தான் நினைச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லு." வேறு நேரமாக இருந்தால் அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஃபிலோமினா ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுப்பது அவள் வேலை. முப்பது வருடமாக இந்த ஊரில் அவள் ஊசி குத்தாத கை இல்லை.

"யோசிக்கறதுக்கு என்னடி இருக்கு? பதினாலாம் தேதி அவங்க ஆமான்னா, இவர்கிட்ட இல்லன்னு சொல்லு. இல்லன்னா, ஆமான்னு சொல்லு. இது கூட்டல் கணக்கு."

கூட்டல் கணக்குதான். வீட்டுக்கு வந்து காலண்டரில் பதினாலைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அக்டோபர் 14, திங்கள். நன்றித் திருநாள்

ஃபிலோமினா வீட்டில் விருந்து. வான்கோழி, உப்பு மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், பட்டாணிக் களி. மேசையில் பதினாலு பேர். நான் சாப்பிட்டதை விடக் கைபேசியைப் பார்த்ததுதான் அதிகம். டெஸ் களியில் மீன் வரைந்தாள்.

"அந்தக் கருமத்தைக் கீழ வை, கண்ணு. குழம்புல விழப்போகுது" என்றாள் ஃபிலோமினா. "பாஸ்டன்ல இருக்கிற என் தங்கச்சியைப் பாரு, பாவம், இன்னிக்கும் வேலைக்குப் போயிருக்கா. நீ இங்க சுடச்சுடச் சாப்பாட்டை வச்சுக்கிட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்க."

மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது டெஸ்ஸுக்கு என்றேன். டெஸ் அவள் முறையில் "கேரட் போடாததுக்கு நன்றி" என்றாள்.

மின்னஞ்சல் இல்லை.

அக்டோபர் 15

இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

லியோ நேற்று வந்தான். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு 14ஆம் தேதிக்குக் கீழே எழுதியிருக்கிறான்: "தபால் மெதுவாக வரும்." மின்னஞ்சல்டா, லியோ.

அக்டோபர் 25, வெள்ளி

பதினொரு நாள் ஆகிவிட்டது. பிடித்திருந்தால் இதற்குள் சொல்லியிருக்க மாட்டார்களா? வேண்டாம் என்று சொல்லச் சங்கடப்படுகிறார்கள். டாக்டர் வோல்ஃப்ராம் நல்ல மனிதர். அவரைச் சங்கடத்தில் வைத்திருப்பானேன்?

"நன்றின்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுடு" என்றான் லியோ. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன், அது அவனுக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மதிப்பிற்குரிய குழுவினருக்கு, உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும். ஊர் நேரத்தால் உங்களைக் குழப்பியதற்கும் மன்னிக்கவும். நன்றித் திருநாளுக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். அது கடந்துவிட்டதால் உங்கள் முடிவு எனக்குப் புரிகிறது. மீண்டும் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். அந்த இடம் என்னைவிடத் தகுதியான ஒருவருக்குப் போகட்டும். உங்கள் அனைவருக்கும் நல்வாழ்த்துகள். கடிதம் நீண்டுவிட்டதற்கு மன்னிக்கவும். ஷானா கியர்லி."

நல்ல கடிதம் என்றுதான் தோன்றியது. கண்ணியமாக இருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

ஹைன்ஸிடம் ஆமாம் என்றேன். கை குலுக்கினார். ஃபிலோமினா கேக் வாங்கி வந்தாள். கேக் நன்றாக இருந்தது. நான்தான் நன்றாக இல்லை.

நவம்பர் 6, புதன்

லியோ கிளம்பினான். கார் வரை போனவன் திரும்பி வந்து, "வருத்தமா இருக்கியா?" என்றான். இல்லை என்றேன். "நீ இல்லன்னு சொல்றப்ப உன் காது சிவக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். செயின்ட் ஜான்ஸ் நகரம் வரை மூன்றரை மணி நேரம் காரில், அப்புறம் ஹெலிகாப்டர். அவ்வளவு தூரமும் என் காதைப் பற்றியே யோசித்திருப்பான்.

நவம்பர் 12, செவ்வாய்

டெஸ்ஸைத் தூங்க வைத்துவிட்டு நேரே இதற்குத்தான் வந்தேன்.

காலையில் தேநீர் வேளை. ஃபிலோமினா டப்பாப் பாலை ஊற்றிக்கொண்டே தன் தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து போன்ல ஒரே புலம்பல். அவ வீட்டுக்கு இருபது பேர் வர்றாங்களாம், இன்னும் வான்கோழியே வாங்கலையாம். நன்றித் திருநாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, அதுக்குள்ள ஏன்டி என் உயிரை எடுக்கறேன்னு கேட்டேன்."

"என்ன ரெண்டு வாரம்?" என்றேன்.

"நவம்பர் இருபத்தெட்டு. அவங்களுது அப்பத்தானே வரும்."

"யாருது?"

"அமெரிக்காக்காரங்களுது. ஏன்டி, உனக்குத் தெரியாதா? டிவியில பெரிய பெரிய பலூன் எல்லாம் விடுவாங்களே."

பலூன் தெரியும். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அது கிறிஸ்துமஸ் பலூன் என்றல்லவா நினைத்திருந்தேன். இருபத்தொன்பது வயது, பட்டம் வாங்கியிருக்கிறேன், அடுத்தவர் ரத்தத்தில் எத்தனை அணு என்று எண்ணிச் சொல்கிறேன். அவர்கள் நன்றித் திருநாள் என்று சொன்னால் அது அவர்களுடைய திருநாள்தானே? என்னுடையதாக எப்படி இருக்கும்? இது கூடத் தோணலையே. லியோவுக்கும் தோணலை. ரெண்டு பேரும் உக்காந்து துக்கம் கொண்டாடியிருக்கோம், இன்னும் எதுவுமே நடக்காத ஒரு விஷயத்துக்கு.

தன் தங்கை அன்று வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஃபிலோமினா விருந்திலேயே சொன்னாள். நான்தான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஃபிலோமினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவங்க இன்னும் முடிவே எடுக்கல. நீ அதுக்குள்ள மாட்டேன்னு எழுதிட்டியா?"

"மாட்டேன்னு எழுதல. நன்றின்னுதான்..."

"காட்டு."

காட்டினேன். நிதானமாகப் படித்தாள். "அடியே, இது எனக்கு வந்திருந்தா நீ செத்துப்போகப் போறன்னு நினைச்சிருப்பேன்" என்றாள்.

நவம்பர் 13, புதன்

ஒஹாயோவுக்கு போன் செய்தேன். திருமதி ஹக்கின்ஸே எடுத்தாள். பெயரைச் சொன்னதும், "ஓ, நீங்களா?" என்றாள்.

"உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன்மா. நன்றித் திருநாள் போயிடுச்சுன்னு போட்டிருந்தீங்க. நான் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். போன வருஷத்தைச் சொல்றீங்களோன்னு நினைச்சேன்."

கனடாவில் அது அக்டோபரிலேயே வந்துவிடும் என்றேன். அந்தப் பக்கம் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

"இடம் வேற யாருக்காவது போகட்டும்னு எழுதியிருந்தீங்களே. அதனால உங்க பேரை விலகினவங்க பட்டியல்ல போட்டுட்டேன்."

மன்னிக்கவும் என்றேன்.

"ஏற்கெனவே நாலு இடத்துல மன்னிப்புக் கேட்டிருக்கீங்க, நான் எண்ணினேன். இது அஞ்சாவது. நான் சொல்றதைக் கேளுங்க. குழு கூடறது அடுத்த புதன், இருபதாம் தேதி. விலகினவங்களைத் திரும்ப எடுக்கணும்னா குழுத் தலைவர் கையெழுத்துப் போடணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஒரு கடிதம் வேணும். விலகலன்னு தெளிவா இருக்கணும். அவர் ஒத்துக்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

"உங்க அஞ்சு மணியா?"

"என் அஞ்சு மணிதான். உங்களுக்கு... இருங்க, எனக்குத் தெரியும், ஆறரை."

முதல்முறையாக அந்த அரை மணி நேரம் எனக்கு உபயோகப்படுகிறது.

நவம்பர் 14, வியாழன்

வேலை முடிந்து ஃபிலோமினா என்னோடு வீட்டுக்கு வந்தாள். டெஸ்ஸுக்கு வண்ணப் பென்சிலைக் கொடுத்துவிட்டு, சிவப்பை மட்டும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். நான் எழுதியதைப் படித்தாள். அடித்தாள்.

"மன்னிக்கவும், வேண்டாம். தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், வேண்டாம். ஒருவேளை இயலுமானால்? இது என்னடி, பிச்சையா கேக்கற? உனக்கு அந்த இடம் வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அதை எழுது."

"அப்படியே எப்படி எழுதறது? நாகரிகம்னு ஒண்ணு..."

"நான் ஊசியோட போய் நிக்கறப்ப, தங்களுக்குச் சிரமம் இல்லன்னா கையை நீட்டறீங்களான்னா கேக்கறேன்? நீட்டுங்கறேன். யாரும் கோவிச்சுக்கல."

உண்மைதான். அவள் சொன்னால் ஊரே நீட்டுகிறது.

கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது:

"நான் விலகவில்லை. கனடாவில் நன்றித் திருநாள் அக்டோபரில் வரும்; உங்களுடையது நவம்பரில் என்று தெரியாமல் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். எனக்கு அந்த இடம் வேண்டும்."

கடைசி வரியைத் தட்டும்போது காது சுட்டது. 'எனக்கு வேண்டும்' என்று இதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? நினைவில்லை. இரண்டு வருடம் காத்திருப்போர் பட்டியலில் உட்கார்ந்திருந்தபோதும் ஒருநாள்கூட போன் செய்து எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. தொந்தரவாக இருக்குமே என்றுதான்.

ஆறு இருபதுக்கு அனுப்பினோம். டெஸ் வரைந்ததை ஒட்டி அனுப்பச் சொன்னாள். அது வான்கோழியாம். படகு மாதிரி இருக்கிறது. அனுப்பவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஹைன்ஸிடமும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். ஒருவேளை கிடைத்தால் அடுத்த ஆகஸ்டில் போய்விடுவேன் என்று. பதவியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க வர்ற டாக்டருங்க நாலு மாசம் தாங்கறதில்ல. நீ ஒம்பது மாசம் இருப்பேங்கற. எனக்கு அதுவே பெரிசு. போய் வேலையைப் பாரு."

நவம்பர் 20, புதன்

இன்று கூடுகிறார்கள். குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாமோ? ஒரு கடிதத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒரேயடியாக மாறிவிட முடியுமா என்ன?

டெஸ் கேட்டாள்: "ஒஹாயோவுல கடல் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப அப்பா எங்க நிப்பாரு?" அவர் இதே கடலில்தான் நிற்பார், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அங்கே பறந்து வருவார் என்றேன். "இப்ப மாதிரியேவா?" இப்போது மாதிரியேதான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் இரண்டு மாதமாகப் புரண்டுகொண்டிருக்கும் விஷயம் அவளுக்கு அரை நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.

நவம்பர் 25, திங்கள்

வான்கோழி வாங்கிவிட்டாளா என்று ஃபிலோமினாவின் தங்கையை விசாரித்தேன். வாங்கிவிட்டாளாம். எனக்கு ஏனோ நிம்மதி.

நவம்பர் 27, புதன்

மாலை ஆறே முக்கால். டெஸ்ஸுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒஹாயோ எண்.

"அலுவலகத்தைப் பூட்டற நேரம்மா" என்றாள் திருமதி ஹக்கின்ஸ். "நாளைக்கு நன்றித் திருநாள். எங்க நன்றித் திருநாள். அதுக்குள்ள சொல்லிடுவோம்னு சொல்லியிருந்தேன். மின்னஞ்சல் ராத்திரி வந்துடும். ஆனா உங்களுக்கு மட்டும் நானே வாயால சொல்லிடலாம்னு நினைச்சேன். நீங்க எந்தக் காலண்டரைப் பார்த்து எதைப் புரிஞ்சுப்பீங்கன்னு எனக்குப் பயமா இருந்தது."

அப்புறம் சொன்னாள்: இடம் எனக்குத்தான்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், கையில் ஒற்றைக் காலுறை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தால், வந்தது என்ன? "மன்னிக்கவும்."

"ஆறு" என்றாள் அவள்.

நவம்பர் 29, வெள்ளி, காலை ஐந்தரை

லியோ, புதன் ராத்திரியே வந்திருக்க வேண்டியவன் நீ. பனிமூட்டத்தால் ஹெலிகாப்டர் எழும்பவில்லை என்று போன் செய்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மேடை போனில் நான் ஒன்று சொல்லி அது உன் காதுக்குப் போவதற்குள் நீ வேறொன்று பேச ஆரம்பித்துவிடுகிறாய். இந்தச் செய்தியை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நீ உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, செப்டம்பரிலிருந்து வரிசையாகப் படித்து வந்து பார்க்க வேண்டும். முந்தின பக்கத்தைத் தாண்டிக் குதித்திருந்தால் திரும்பப் போ.

இன்று மதியம் நீ வரும்போது நான் வேலையில் இருப்பேன். டெஸ் காப்பகத்தில். நோட்டுப் புத்தகத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். வெண்ணெய் குளிர்பெட்டியின் கதவில், மேல்தட்டில்.

நேற்று இங்கே கடையில் வான்கோழி கிடைக்கவில்லை. நவம்பரில் அது எதற்கு என்று கடைக்காரன் கேட்டான். ஒரு கோழியை வாங்கி வறுத்தேன். ஃபிலோமினா முட்டைக்கோஸோடு வந்தாள். மேசையில் மூன்று பேர்தான். ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று மறுபடியும் சொன்னோம். டெஸ் இந்த முறையும் கேரட்டைத்தான் சொன்னாள். என் முறை வந்தது. திருமதி ஹக்கின்ஸின் காலண்டருக்கு என்றேன்; நீ வந்ததும் டெஸ் அதை ஒரு வாரமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. அடுத்த வருடம் ஒஹாயோவில் நம் வீட்டில் நன்றித் திருநாள் அக்டோபரிலா, நவம்பரிலா? ஃபிலோமினா அக்டோபர்தான் என்கிறாள், விட்டுக்கொடுக்கவே கூடாதாம். டெஸ்ஸுக்கு இரண்டும் வேண்டுமாம். எனக்கும் இரண்டும் வேண்டும். நீ எந்தெந்த வாரம் வீட்டில் இருப்பாய் என்று பார்த்து, இந்த வரிக்குக் கீழே பென்சிலால் எழுது. சீக்கிரம் பதில் எழுது.